வடம் போடக்கூடிய கப்பல்

ஒவ்வொரு போருக்கு முன்னும் ஐந்து கப்பல்களைத் தெரிந்தெடுக்க வேண்டும். அந்தக் கணினி விளையாட்டில் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். மத்திய காலத்துக் கடல்களில் ஓடிய கப்பல்கள் திரையில் வரிசையாக நிற்கும்: இருபுறமும் துடுப்புகள் நிறைந்த ஒல்லியான போர்க்கப்பல், ஒற்றைப் பாய் விரித்த வயிறு பெருத்த சரக்குக் கப்பல், பலகைகளைக் கயிற்றால் தைத்த அரபுக் கப்பல், எரிந்தபடியே எதிரியின்மேல் போய் மோதும் தீக்கப்பல். பல வருடங்கள் வரலாறு படிப்பித்தவள் என்பதால் அவை எந்தத் துறைகளில் கட்டப்பட்டவை, எதை ஏற்றிச் சென்றவை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓட்டத்தான் தெரியாது.

விளையாட்டை அனுப்பியவள் அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் இருக்கும் என் மகள். “நீங்கள் படிப்பிச்ச காலம்தான் அம்மா. ஞாயிறு பின்னேரத்தில நாங்கள் ரெண்டுபேரும் ஒரே பக்கம் நிண்டு சண்டை பிடிப்பம்” என்றாள். அப்போது அவளும் தகப்பனும் பேசி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

என் கணவர் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டுகிறவர். பெரிய கப்பல்களுக்கு வடம் போட்டு, உள்துறைக்குள் இழுத்து வந்து, துறைமேடையோடு அணைத்து விடுவது அவருடைய வேலை. மகள் அங்கே பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தியை ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குச் சொன்னாள். நல்ல நேரம் பார்த்து அவரிடம் சொல்லலாம் என்று நான் இரண்டு நாட்கள் காத்திருந்தேன். வியாழக்கிழமை, அவருடைய கப்பலில் வேலை செய்யும் ஒருவர் தன் தொலைபேசியில் கல்யாணப் படத்தைக் காட்டி அவருக்குக் கைகொடுத்து வாழ்த்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர், வழக்கத்துக்கு மாறாகத் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே கழுவிக் குசினியில் கவிழ்த்து வைத்தார். “ஊரெல்லாம் பாத்து முடிச்ச பிறகுதான் எனக்கு” என்றார். அன்றிலிருந்து மகளின் அழைப்பு வந்தால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். அவளும் தகப்பனின் பிள்ளைதான். “அப்பா வா எண்டு சொன்னால்தான் வருவன். இல்லாட்டி ஊருக்கு வரமாட்டன்” என்று என்னிடம் சொல்லிவிட்டாள். இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். பொறுமை என்று நான் நம்பியிருந்த குணமே அந்த இரண்டு நாட்களில் என்னை ஏமாற்றியிருந்தது.

முதல் ஞாயிறு, என் கப்பல் துறைவாசலில் மூன்று முறை பாறையில் உரசியது. அன்று முற்றத்துக்குப் போகாமல் பக்கத்துக் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த கணவர் இரண்டு உரசல்களைத்தான் பொறுத்தார்.

“என்னப்பா, ஆட்டோவே ஓடுறீர்? கப்பலுக்கு முன்பக்கம் திரும்பேக்குள்ள பின்பக்கம் வெளியால போகும். தள்ளியிரும்.”

மவுஸ் அவர் கைக்குப் போனது. கப்பல் பாறையிலிருந்து பின்வாங்கி, மெல்ல வட்டமிட்டு, உரசாமல் உள்ளே நுழைந்தது. ஒலிபெருக்கியில் மகளின் குரல் கொஞ்சம் தாமதித்து வந்தது.

“அம்மா, இது நீங்கள் இல்லை.”

“ஓம், நான் இல்லை” என்றேன்.

அடுத்த ஞாயிறு சரியாக மூன்றரைக்கு அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து மடிக்கணினியின் முன் உட்கார்ந்தார். ஒருவர் குரல் மற்றவருக்குத் தெளிவாகவே கேட்கும். ஆனாலும் எல்லாக் கதையும் என் வழியாகத்தான் போக வேண்டும் என்று இருவரும் பேசாமலே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள்.

கப்பல்களைத் தெரிந்தெடுக்கும் நேரம்தான் பெரிய யுத்தம். மகளுக்கு வேகம் வேண்டும். ஐந்தும் துடுப்புக் கப்பல்களாக இருந்தால் அவளுக்கு மகிழ்ச்சி.

“பிள்ளையிட்ட கேளும், உதில துடுப்புப் போடுற இருநூறு பேருக்கும் குடிக்கத் தண்ணி எங்க வைக்கிறதாம்?” என்பார் அவர்.

“அம்மா, இது கேம் எண்டு அப்பாட்ட சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் தண்ணி விடாய்க்காது.”

அவர் தெரிந்தெடுப்பது எப்போதும் வயிறு பெருத்த சரக்குக் கப்பலைத்தான். அதன் பின்பக்கம் அகலமானது, மரம் தடிப்பானது. அதைவிட, கயிறு வீசி வேறொரு கப்பலைக் கட்டி இழுக்கும் வசதி அதில் இருந்தது. திரையின் மூலையில் அதற்கென்று ஒரு சிறிய பொத்தான். மகள் அதை அதுவரை கவனித்ததேயில்லையாம். நான் என் பங்குக்கு, துடுப்புக் கப்பல்கள்தான் அந்தக் காலத்தில் பெரிய போர்களை வென்றன என்றேன்.

“வெண்டது சரி. எத்தினை திரும்பி வந்தது? உம்மட புத்தகத்தில அதைப் போட்டிருக்கோ?”

வேலிக்கு வெளியே, எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று நின்று, காலையில் நான் கொட்டிய வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தேன்.

நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். காரணம் எனக்கு விளங்க மூன்று வாரம் எடுத்தது. எங்கள் பக்கத்துக் கப்பல் ஒன்று சேதமானால் அதைக் கைவிட்டு முன்னேறுவதுதான் அந்த விளையாட்டின் புத்தி. இவர் அந்த இடத்திலேயே போரை மறந்துவிடுவார். சேதமில்லாத கப்பலைத் திருப்பிக்கொண்டு போய், சேதமானதற்கு வடம் போட்டு, எங்கள் துறைவரை இழுத்து வந்து அணைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். அதற்குள் எதிரி எங்கள் தீவு ஒன்றைப் பிடித்திருப்பான்.

“உடைஞ்சதை விட்டிட்டு வரச் சொல்லுங்கோ அம்மா!”

“வடம் போட்ட கப்பலை மேடைக்குக் கொண்டராமல் நடுவில விடேலாது எண்டு சொல்லும். எங்கட ஆக்கள் ஒருத்தரும் அப்படிச் செய்யிறேல்லை.”

ஆறாவது ஞாயிறு நாங்கள் முதன்முறையாக வெல்லும் நிலைக்கு வந்தோம். எதிரியின் கடைசித் துறைமுகம். என் கணவரின் இரண்டு சரக்குக் கப்பல்களும் வாசலில் நின்றன. காவல் கப்பல் ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளே நுழைவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, பின்னால் வந்துகொண்டிருந்த மகளின் கப்பலில் ஒரு பக்கத்துத் துடுப்புகள் முழுவதும் முறிந்தன. அது நின்ற இடத்திலேயே சுழன்றது. தூரத்தில் ஒரு தீக்கப்பல் அதை நோக்கித் திரும்பியது.

அவர் மவுஸை அசைத்தார். இரண்டு கப்பல்களும் வாசலைவிட்டுத் திரும்பின.

“அம்மா, சொல்லுங்கோ! என்னை விட்டிட்டு உள்ளுக்குப் போகச் சொல்லுங்கோ! வாசல் திறந்து கிடக்கு!”

நான் சொல்லவில்லை. அவர்கள் பேசாதிருந்த அத்தனை மாதங்களிலும் நான் சேர்ப்பிக்காமல் விட்ட ஒரே செய்தி அதுதான்.

அவர் ஒரு கப்பலைத் தீக்கப்பலின் வழியில் குறுக்கே விட்டார், அது பற்றிக்கொண்டது. மற்றதை, பின்பக்கம் முன்னாக வர, மகளின் கப்பலுக்கு அருகே கொண்டுபோனார். நாக்கு நுனியைப் பல்லில் கடித்தபடி அந்தச் சிறிய பொத்தானை அழுத்தினார். கயிறு விழுந்தது. எங்கள் துறைவரை அது நீண்ட வழி. மகள் தன் பக்கத்தில் எதையும் அழுத்தாமல் இழுபட்டு வந்தாள். துறை சேர்ந்த சற்று நேரத்தில் போருக்கான நேரம் முடிந்து திரை கறுத்து, தோல்வி என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

ஒலிபெருக்கியில் மகளின் குரல் வந்தது. அது எனக்கான குரல் அல்ல.

“அப்பா, வெண்டிருப்பம். நீங்கள் ஏன் திரும்பி வந்தனீங்கள்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன்ர கப்பலெல்லோ” என்றார் மடிக்கணினியிடம்.

அங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதைத் தாங்க மாட்டாதவர்போல அவர் குரலை உயர்த்தினார். “உதை ஏன் எடுத்தனீ? பலகை பப்படம் மாதிரி. ஆறு கிழமையாச் சொல்லுறன்!”

“நீங்கள் எனக்கு எங்க சொன்னனீங்கள்? அம்மாவுக்கெல்லோ சொன்னனீங்கள்!”

“உனக்குக் கேட்டதுதானே!”

“கேட்டது! ஆனாச் சொல்லேல்லை!”

அப்படியே அரை மணி நேரம் சண்டை நடந்தது. துடுப்புக் கப்பலின் பலகை, சரக்குக் கப்பலின் மந்தம், படத்தைத் தொலைபேசியில் வேறொருவர் காட்டிய வியாழக்கிழமை, அழைத்தும் எடுக்காத மாதங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த இரண்டு நாள் தாமதம் என்னுடையது என்று நான் இடையில் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். நான் எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

குசினிவரை அவருடைய குரல் கேட்டது.

“மார்கழியில வராதை. வாடை கடுமை, மழையும் விடாது. மாசியில வா. அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வா.”

“மாசியில எனக்கு லீவு எடுக்க ஏலாது அப்பா.”

“அப்ப பங்குனியில வா. கடல் படுத்திருக்கும்.”

நான் தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது திரையில் மீண்டும் கப்பல்கள் வரிசையாக நின்றன. மகள் முதலாவதாகச் சரக்குக் கப்பல் ஒன்றைத் தெரிந்தெடுத்திருந்தாள். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, என்னிடம் ஒன்றும் கேளாமல், ஒரு துடுப்புக் கப்பலை எடுத்தார்.