சமநிலை வந்தால்

நாங்கள் குடியிருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து எங்கள் பாண் சுடும் தொழிற்சாலைக்கு, நெரிசல் இல்லாவிட்டால், முப்பத்தைந்து நிமிடம். ஆறு வருடங்களாக அந்தப் பயணத்தில் முன் இருக்கை என்னுடையது. கார் அண்ணையுடையது. உறவுமுறை ஒன்றும் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரே வேலைத்தலம், இரண்டு தெரு தள்ளி வீடு. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடியுமட்டும் காருக்குள் நாங்கள் கதைத்தது பேஸ்பால் மட்டும்தான்.

அண்ணை அந்த விளையாட்டைக் கற்றது துடைப்பத்தோடு. எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கிய முதல் கோடையில் அவருக்குக் கிடைத்தது மைதானத்தில் இருக்கை வரிசைகளைக் கூட்டும் வேலை. அப்போது இந்த நகரத்துக்கென்று ஓர் அணி இருந்தது. கூட்டுபவர்கள் ஆட்டம் முடியும்வரை படிக்கட்டுகளின் உச்சியில் காத்து நிற்க வேண்டும். எப்போது முடியும், எப்போது முடியும் என்று பார்த்தே அவருக்கு விதிகள் விளங்கின. பிறகு அந்த அணி நகரத்தை விட்டுப் போனது. சில வருடங்கள் அவர் எதையும் பார்க்கவில்லை. அதன் பின் வேண்டாவெறுப்பாக ரொறன்ரோ அணியை ஏற்றுக்கொண்டார்.

ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரஇறுதியிலும் அவர் ரொறன்ரோ போவார். கூட ஒருவர். ஆறு வருடமும் அது நான். ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அண்ணை எழமாட்டார். கூட்டுபவர்கள் எங்கள் வரிசைக்கு வரும்வரை இருப்பார். தன் கோப்பையையும் முன்வரிசையில் யாரோ விட்டுப்போன கோப்பைகளையும் பொறுக்கி அவர்களுடைய பையில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அந்த அரைமணி நேரத்தில்தான் அவர் தன்னைப் பற்றிக் கதைப்பார். அதை வேறு ஒருவரும் கேட்டதில்லை என்று நம்பியிருந்தேன்.

இந்த வசந்தத்தில் பின் இருக்கைக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டிலிருந்து எங்கள் பக்கம் வீடு மாறியவர். அண்ணை அவரைத் தம்பி என்றார், நானும் அப்படியே. பேஸ்பாலில் அவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் வாரம் முழுக்க என்னைக் கேட்டார்: எத்தனை இன்னிங்ஸ், ஏன் ஒருவர் அடிக்காமலே நடந்து போகிறார், பட்டியலில் இரண்டு அணிகள் சமமாக நின்றால் யார் மேலே. நான் பொறுமையாகச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வருடம் வேலை செய்தவன் நான். அதை அண்ணை சொல்லக் கேட்டுத் தம்பி எனக்குப் பேப்பரண்ணை என்று பெயர் வைத்தார்.

கோடை வந்தபோது அவர் எங்கள் இருவரையும்விட அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேற்று ஒருத்தனும் அடிக்கேல்ல அண்ணை. என்ர மனிசி பூரிக்கட்டையோட போயிருந்தா ரெண்டு ஓட்டமாவது எடுத்திருப்பா."

"உன்ர மனிசி பந்துக்கு அடிப்பாவோ, எறியிறவனுக்கு அடிப்பாவோ?"

"அது அவவின்ர அன்றைய மனநிலையைப் பொறுத்தது."

அண்ணை ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். எந்த எறிவாளருக்கு எந்தத் தோளில் நோவு என்று நான் சொன்னால், "ஓம், ஓம்" என்பார்.

ஜூலையில் ஒரு காலை அண்ணை காருக்குள் இருந்த கண்ணாடியைக் கீழே திருப்பினார். பின்னால் வரும் வாகனங்களுக்காக அல்ல. பின்னால் இருப்பவரின் முகம் தெரிவதற்காக. நெடுஞ்சாலையில் நூறில் போகும் மனிதர் செய்யக் கூடாத காரியம் அது. எனக்கு அந்தக் கண்ணாடியில் தெரிந்தது என் காதின் ஒரு பகுதி மட்டும்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, தம்பி இறங்கிப் போன பிறகு, அண்ணை சொன்னார்:

"இந்த முறை தம்பியைக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு யோசிக்கிறன். அவன் மைதானத்தை ஒருக்காலும் காணேல்ல. நீர் ஆறு தரம் வந்திட்டீர்தானே. அவனுக்கு இன்னும் சொல்லேல்ல."

"அதுதானே நியாயம் அண்ணை," என்றேன். வீட்டுக்குள் போய் சப்பாத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசி வாரத் திங்கட்கிழமை. அடுத்த சுற்றுக்குப் போக ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு இரண்டு அணிகள். ரொறன்ரோ நான்கு வெற்றிகளால் முன்னால் நின்றது; இரண்டுக்கும் இன்னும் ஆறு ஆட்டங்கள். எங்கள் தொழிற்சாலையில் வாரஇறுதியில் வேலை செய்ய வருகிறவர்கள் பெயர் எழுதும் பட்டியல் திங்கள் பின்னேரம் மூடும். அதற்குள் அண்ணை முடிவெடுக்க வேண்டும்.

"உது வெள்ளிக்கு முதலே முடிஞ்சிடும்," என்றார் தம்பி. "இன்னும் ரெண்டு வெண்டாக் காணும்."

"அவங்களும் எல்லாத்தையும் வெண்டா?" அண்ணை கேட்டார்.

"வெல்லட்டுமே. சமனா வந்தாலும் எங்கட ஓட்டக் கணக்கு எவ்வளவு மேல! போன கிழமை ஒருத்தரைப் போட்டு மிதிச்சதே காணும். கடைசி ரெண்டு நாளும் வாங்கில குந்தியிருக்கிற மேலதிகப் பெடியளைத்தான் இறக்குவாங்கள். அதைப் பாக்க ஆறு மணித்தியாலம் ஓடுறதே? அடுத்த சுற்றைப் பேந்து போய்ப் பாருங்கோ."

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எவருக்கும் வருகிற பிழை. அங்கே புள்ளிகள் சமமானால் ஓட்ட விகிதம் பார்ப்பார்கள். பேஸ்பாலில் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடியவற்றில் யார் அதிகம் வென்றது என்றுதான் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் எதிரணி மேலே. சமநிலை வந்தால் ரொறன்ரோ வெளியே. கடைசி ஞாயிறு வரை ஒன்றும் முடிவாகாமல் போகலாம். அப்படியானால் அண்ணை இத்தனை வருடத்தில் பார்க்காத ஆட்டமாக அது இருக்கும்.

"நீர் என்ன சொல்லுறீர்?" அண்ணை என் பக்கம் திரும்பினார். "பேப்பர்காரர் நீர்தானே."

பத்திரிகையில் ஒரு எண் பிழைத்தால் மறுநாள் பத்தியின் அடியில் திருத்தம் போடுவோம். அந்த வரிகளை எழுதியது பெரும்பாலும் நான்தான். இதற்கும் ஒரு வரி போதும். நான் வாய் திறந்தால் அண்ணை ரொறன்ரோ போவார், தம்பியோடு. திறக்காவிட்டால் ஒருவரும் போகமாட்டார்கள்.

"பாப்பம் அண்ணை," என்றேன்.

அன்று பின்னேரம் அண்ணை வாரஇறுதிப் பட்டியலில் பெயர் எழுதினார். தம்பியும் நானும் எழுதினோம்.

வியாழக்கிழமை தம்பி காரில் ஏறும்போதே தலையில் கை வைத்திருந்தார். "அண்ணை, என்ர வாயில மண். இரவு ரீவியில சொன்னாங்கள். ஓட்டக் கணக்கு இல்லையாம். ரெண்டு பேரும் மோதினதைத்தான் பாப்பினமாம். விசரன் நான், கிரிக்கெட் எண்டு நினைச்சுச் சொல்லிப்போட்டன்."

அண்ணை என்னைக் கேட்டார்: "உமக்கும் தெரியாதே?"

"எனக்கும் வடிவாத் தெரியாது அண்ணை."

"உமக்கே தெரியாதெண்டா அவனை என்னெண்டு பேசுறது," என்றார். தம்பியை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டார். வேலைத்தலத்தில் பட்டியலிலிருந்து தன் பெயரை வெட்டக் கேட்டார். மூடியது மூடியதுதான் என்றார் மேற்பார்வையாளர்.

ஞாயிறு பின்னேரம் மூவரும் சாப்பாட்டு அறையில், தக்காளிச் சோஸ் போத்தலில் சாய்த்து வைத்த தம்பியின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வென்றால் உள்ளே. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமன். பத்தாவது தொடங்கும்போது எங்கள் பதினைந்து நிமிட இடைவேளை முடிந்தது. அண்ணை எழுந்து கை கழுவி, தலைமுடி வலையைச் சரிசெய்து கொண்டு, பாண் தட்டுகள் வரும் இடத்துக்குப் போனார். முடிவு அவருக்குக் கிடைத்தது அரைமணி கழித்து, தம்பி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது. ரொறன்ரோ வென்றிருந்தது.

அண்ணை சிரித்தார். தட்டுகளை அடுக்கும் கைகள் நிற்கவில்லை. "அங்க இருந்திருந்தா இன்னும் எழும்பியிருக்கமாட்டன்," என்றார்.

உடை மாற்றும் அறையில் தம்பி என் பக்கத்து அலுமாரிக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பேப்பரண்ணை, ஏப்ரலில நீங்கள் எனக்கு உதைச் சொன்னனீங்கள். மோதினதைத்தான் பாப்பினம் எண்டு. நான்தான் மறந்து போனன். நேற்றுத்தான் ஞாபகம் வந்தது."

"அண்ணையிட்டச் சொன்னீரோ?"

"இல்லை. சொல்லி என்ன?"

அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நான் காரின் பின்கதவைத் திறந்தேன். தம்பி ஏற்கனவே அங்கே இருந்தார்.

"நான் என்ன ராக்சியே ஓடுறன்?" என்றார் அண்ணை. "ஒராள் முன்னுக்கு வாங்கோ."

முன்னால் போய் இருந்தேன். பெல்ட்டைப் போட்டேன். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு சொன்னேன்: "அண்ணை, எனக்குத் தெரியும். போன திங்கட்கிழமையே தெரியும்."

"என்ன?"

"சமனா வந்தா யார் எண்டது."

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழிகள் இரண்டு கடந்தன. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வதென்று இரவு முழுக்கத் தயாரித்து வைத்திருந்தேன்.

"அடுத்த வருசம் நான் மனிசியைக் கூட்டிக்கொண்டு போறன்," என்றார் கடைசியில். "அவவுக்கு ஒரு இழவும் விளங்காது. ஆனா தெரிஞ்சதை ஒளிக்கமாட்டா."

"பூரிக்கட்டையையும் கொண்டு போகச் சொல்லுங்கோ," என்றார் தம்பி பின்னால் இருந்து, மெதுவாக.

அண்ணை கண்ணாடியைப் பார்த்தார். அவர் வாயின் ஓரம் அசைந்தது. நான் முன் இருக்கையில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டு போனேன்.