மடங்கிய விரல்களை விரித்துத் தந்தார்

1934-ஆம் வருஷம், கார்த்திகை மழைக்காலம். மிஷன் ஆஸ்பத்திரியில் என் கழுத்துக் கழலையை அறுத்து எடுத்திருந்தார்கள். பிழைத்தேன் என்று நினைத்திருந்தபோது உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளே மடங்கி, உள்ளங்கை குவிந்துவிட்டது. நான் லேஸ் பின்னிப் பிழைக்கிறவள். என் கைதான், ஆனால் என் சொல்லைக் கேட்கவில்லை.

"ஏட்டி, கைய விரி. விரிட்டி!" என்று என் கணவர் ஏசுவடியான் அழுதார்.

"நான் மடக்கல. அதுவா மடங்குது."

"பேய்க்க வேலையாக்கும் இது, மக்கா" என்றார் மாமியார்.

டாக்டரோ காலையிலேயே குழித்துறைப் பக்கம் நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். நர்ஸ் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொண்டை இறுகியது. மூச்சை இழுத்தால் சேவல் கூவுவதுபோல் சத்தம் வந்தது. சாகப்போகிறேன் என்று தெரிந்தது. ஆனாலும் எதனால் என்று தெரிய வேண்டும்போல் இருந்தது. "ஆண்டவரே, எனக்கு என்ன நடக்கிறது? இது தெரிந்த ஒருவரை அனுப்பும்." அவ்வளவுதான் ஜெபிக்க முடிந்தது.

வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. ஆற்றில் வெள்ளம் வந்து பாதை முங்கியதால் டாக்டர் பாதி வழியில் திரும்பியிருந்தார்!

நனைந்த கோட்டோடு வந்தவர், என் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் லேசாகத் தட்டினார். உதடு தானாகத் துடித்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் துடித்தது. உடனே கையில் ஊசி போட்டு மருந்தை மெதுவாக ஏற்றினார். நாக்கில் தொடங்கி உடம்பெல்லாம் சூடு பரவியது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மாமியார் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூச்சு சீரானதும் கேட்டேன்: "இது என்னது ஐயா?"

"கழலைக்குப் பின்னால பயறு போல சின்னச் சுரப்பிகள் இருக்கு. ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து குறையாமப் பாத்துக்கிறது அதுதான். அறுத்தப்ப அதுக்கும் அடிபட்டிருக்கு. அந்தச் சத்து குறைஞ்சா கை இப்படி மடங்கும், கன்னத்தத் தட்டினா உதடு துடிக்கும்."

"அப்போ வெத்தலச் சுண்ணாம்பத் தின்னா போதுமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "வாய் வெந்து போகும்மா. அந்தச் சத்துள்ள பொடி தாறேன்."

அன்றுமுதல் அந்தப் பொடியைப் பாலில் கலக்கிக் குடிக்கிறேன். மீன் எண்ணெயும் உண்டு. நெத்தோலி மீனை முள்ளோடு தின்கிறேன். பொடியை மறந்த நாளில் உதடு மரத்து எனக்கு ஞாபகப்படுத்தும். "ஆண்டவர் முழுச் சுகம் தரவில்லையே" என்று சபையில் ஒரு அக்கா கேட்டார். தினமும் தருகிறாரே என்றேன்.

முன்பெல்லாம் கர்த்தரிடம் "ஏன், என்ன" என்று கேட்பது அவிசுவாசம் என்று பயந்திருந்தேன். இப்போது ஜெபத்தில் நிறையக் கேட்கிறேன். பிரியமானவர்களே, உங்களுக்குப் புரியாத துன்பம் வந்தால் கண்ணீரோடு கேள்வியையும் அவரிடம் கொண்டுபோங்கள். அவர் கோபிக்கவேமாட்டார்.