பபுள் ஷீட்டுல ஒரு கிளி

ஆம்பூர்ல ஷூ கம்பெனியில பேக்கிங் வேலை பாக்கிறேன். பொண்ணு மூணாவது படிக்குது. பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்குக் கடையில விக்கிற ஒரு பெட்டி கேட்டுச்சு. பபுள் ஷீட்டோட ஒவ்வொரு குமிழிலயும் ஊசியால பெயிண்ட் ஏத்திப் படம் செய்யிற பெட்டி. வெலையப் பாத்துட்டு வேணாம்னுட்டேன்.

பபுள் ஷீட் எங்க கம்பெனி குப்பையிலயே கெடக்கும். கேட்டு எடுத்தாந்தேன். வீட்டுக்காரர் டேனரியில தோலுக்குக் கலர் அடிக்கிறவர். மிச்சக் கலரை பாட்டில்ல கொண்டாந்தார். மருந்துக் கடையில சிரிஞ்சு வாங்கினோம். ஞாயித்துக்கிழமை பூரா மூணு பேரும் உக்காந்து ஒரு கிளிப் படம் வர்ற மாதிரி ஏத்தினோம். கருப்பும் பழுப்பும்தான் இருந்துச்சு.

"கிளி பழுப்பாவா இருக்கும்?"னு பொண்ணு கேட்டுச்சு.

"இது ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போற கிளி"ன்னார். பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுது.

மறுநாள் கண்காட்சியில டீச்சர் பக்கத்துல வந்து பாத்துட்டு, "இன்னா நாத்தம் இது"ன்னு கிளியை மட்டும் வெளிய வராண்டாவுல வெக்கச் சொன்னாங்களாம். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்தாந்து சொல்லுச்சு.

நான் வாங்கி மோந்து பாத்தேன். ஒரு நாத்தமும் தெரியல. அவரும் மோந்து பாத்துட்டு, "ஒண்ணும் வரலியே"ன்னார்.

பொண்ணு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. அப்பறம் எழுந்து போய், தன் யூனிஃபார்மை எடுத்து மோந்து பாத்துச்சு.