அம்பத்தூர் வரிசையில் நாலாவது வண்டி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பேர். கடைக்குட்டி ஸ்டெல்லா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள், பேட்டரி வண்டி. போன வாரம் ஆவடியில், எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டாண்டில், பொம்பளைக்கு முறை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்னால் நிற்கும் வண்டி நிரம்பினால்தான் அடுத்தது ஆள் ஏற்றலாம், அதுதான் முறை. அதில் இடம் இல்லாதவளுக்குப் பிழைப்பு இல்லை. இன்று அம்பத்தூரில் கேட்டுப் பார்க்கக் கிளம்பினாள். "நீ கூட வராத மா" என்றாள்.

காலை ஏழரை மணிக்குப் பின்னாலேயே பஸ் ஏறினேன். அம்பத்தூர் ஏழு கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்த கம்பெனிப் பெண், "எங்க பாட்டி போறீங்க?" என்றாள்.

"என் பொண்ணு வண்டியில ஏற."

"அதுக்கு இன்னொரு வண்டியா?" என்று சிரித்தாள்.

எட்டேகால். அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் அயனம்பாக்கம் போகும் ஆட்டோக்கள் நின்றன. ஸ்டெல்லாவின் வண்டி கடைசியில், காலியாக. அவள் குனிந்தபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. இங்கேயும் சேர்க்கவில்லை போல, முதல் போணியாவது நான் செய்கிறேன் என்று நேரே போய் ஏறி உட்கார்ந்தேன்.

முன் வண்டியிலிருந்து ஒரு நரைத்த மீசைக்காரர் விறுவிறுவென்று வந்தார்.

"யம்மா, எறங்கு. இன்னா, நீ பாட்டுக்குக் குந்திகினு கீற?"

"என் பொண்ணு வண்டி. குந்துவேன்."

"யார் வண்டியா இருந்தா இன்னா? மொறைனு ஒண்ணு கீதுல்ல? உன் பொண்ணு நாலாவது. முன்னாடி மூணு பேர் கொசு அடிக்கவா நிக்கறோம்?"

"மானத்த வாங்காத மா, எறங்கு" என்றாள் ஸ்டெல்லா.

இறங்கினேன். ஒரு ஆண்பிள்ளை அதட்டி நான் இவ்வளவு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மூன்று வண்டிகள் நிரம்பிப் போகும்வரை நிழலில் நின்றேன். எனக்கென்ன அவசரம். பிறகு ஸ்டெல்லா வண்டி நிரம்பியது. அயனம்பாக்கம் ஏரிக்கரைவரை ஆளுக்கு இருபது ரூபாய். நானும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். வண்டிக்குப் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஏரிப் பக்கம் திரும்பியதும் நீர்க்கோழி கத்துவது உள்ளே கேட்டது.

உலகம் பூராவும் பெண்கள் முன்னுக்கு வருகிறார்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். எங்களுக்கு அது அம்பத்தூர்வரை வந்துவிட்டது. ஆவடிக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கிறது.

ஏஞ்சல் கண்ணு, பாட்டி எழுதிய இதைப் படித்துக் காட்டு, உங்கம்மா ஸ்டெல்லாவும் கேட்கட்டும். அந்த மீசைக்காரர் திட்டுகிற இடத்தை மட்டும் நிதானமாகப் படி.