பெட்ரோல் வாடையும் ஒரு சூடத்தட்டும்

ஆயுத பூஜை அன்று, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் கையிலிருந்த சூடத்தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பை விட்டு ஓடியவன் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கதையை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களிடம் கேட்டால், மணியத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் டான் என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபோர்மேன். பழைய கார்கள் என் பொறுப்பு. வண்டிக்குள் தலையை நீட்டி ஒரு தடவை மூச்சை இழுத்தால் போதும், எரிவது ஆயிலா, கிளட்சா, வயரா என்று சொல்லிவிடுவேன். முதலாளி டான் எனக்கு வைத்த பெயர் ‘ஹிடோங்’. மலாயில் மூக்கு என்று அர்த்தம். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கோவிட் வந்து போனபோது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சில மாதங்களில் திரும்பும் என்றார் டாக்டர். திரும்பவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். மூக்குக்குப் பேர்போன ஆளுக்கு மூக்கு இல்லையென்றால் யார் மதிப்பார்கள் என்ற பயத்தில் ஒர்க்‌ஷாப்பில் வாயே திறக்கவில்லை. வழக்கம்போலத் தலையை நீட்டுவேன், மூச்சை இழுப்பேன், தலையாட்டுவேன். மிச்சத்தை அனுபவத்தை வைத்து ஊகித்துச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

1. கலாவின் புகார்

கலா மருத்துவமனையில் தாதி. செம்பவாங்கில் அப்பாவோடு இருக்கிறார். அப்பா சின்னையா கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய சின்ன ஆங்கிலக் கார் ஒன்று அவர்களிடம் இருந்தது. இப்போது அதைக் கிளாசிக் கார் என்று பதிந்திருந்தார்கள். அந்த அனுமதியில் வருடத்தில் சில நாட்கள்தான் ரோட்டில் எடுக்கலாம். அந்தச் சில நாட்களும் பெரியவருக்குத் திருநாள்.

“அண்ணே, உள்ளே பெட்ரோல் வாடை வருது. அப்பா பின்சீட்ல உக்காந்த கொஞ்ச நேரத்துல தலை சுத்துதுங்கிறாரு. போன தடவை இறங்கும்போது விழப் பார்த்தாரு. பிரஷர், ஷுகர் எல்லாம் செக் பண்ணியாச்சு, நார்மல்தான்” என்றார் கலா.

நான் தலையை நீட்டினேன். மூச்சை இழுத்தேன். “பழைய ஹோஸ்மா, மாத்திடலாம்” என்றேன். இன்ஜின் பக்கம் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வழியாமல் தடுக்கும் ஃப்ளோட்டைச் சரிசெய்தேன். மூன்றாவது தடவை சீட்டையும் கார்பெட்டையும் பிரித்து அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டேன்.

ஒவ்வொரு தடவையும் நானே போனில் சொல்வேன்: “கால் டேங்க்கோட கொண்டு வாங்கம்மா.” ஜாக்கியில் ஏற்றும் வண்டியில் நிறைய பெட்ரோல் கூடாது என்பது எங்கள் பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் வீட்டில் அவர்கள் வண்டியை எடுப்பது எப்போதும் டேங்க்கை நிரப்பிக்கொண்டு. அதை நான் கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை.

மூன்றாவது தடவை வண்டியை எடுக்க வந்தபோது கலா உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, “லேசா இன்னும் இருக்கே அண்ணே” என்றார்.

நான் மறுபடியும் மூச்சை இழுத்துக் காட்டினேன். “ஒண்ணுமே இல்லையேம்மா. மனசுல பதிஞ்சு போச்சு, அதான்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஹிடோங் சொல்லிவிட்டானே என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

2. பூஜை

டானின் ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை உண்டு. ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். டான் பொரிகடலைக்காகவே சீக்கிரம் வருவார். வாடிக்கையாளர்கள் சிலரும் வண்டியோடு வருவார்கள்.

அன்று காலை கலாவும் பெரியவரும் வந்தார்கள். வழியில் லிட்டில் இந்தியாவில் மாலை, எலுமிச்சை, சூடம் எல்லாம் வாங்கியிருந்தார்கள். வண்டியை மெருகேற்றி வைத்திருந்தார்கள். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“சாமி முன்னாடி காலி டேங்க்கோட நிக்கக்கூடாது தம்பி. வர்ற வழியில, இங்க பக்கத்துலதான் ஃபுல் டேங்க் போட்டாச்சு” என்றார் சின்னையா.

டயருக்கடியில் எலுமிச்சை வைத்தோம். பெரியவர் தானே சூடத்தை ஏற்றி முன்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றினார். அப்புறம் பின்பக்கம் நடந்தார். கலா மாலைப் பையை எடுக்கப் பின்சீட்டுக்குள் குனிந்தார்.

“டிக்கியைத் தொறப்பா. ஸ்பேர் டயருக்கும் காட்டணும்” என்றார் பெரியவர். நான் திறந்தேன்.

அந்த நேரம் கலா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். “அண்ணே, முன்னாடியைவிட மோசமா வருது!”

பழக்கதோஷம். மூச்சை இழுத்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. “கார்பெட்தான்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். கலாவின் கண்களில் நீர் கோத்திருந்தது. மனதில் பதிந்த வாடைக்குக் கண் எரியாதே! இந்தப் பக்கம் பெரியவர், எரியும் சூடத்தோடு டிக்கிக்குள் குனிகிறார். அந்தக் காரில் டேங்க் இருப்பது டிக்கிக்குள்ளேதான்.

தட்டைப் பிடுங்கினேன். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினேன். கேட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கக் கால்வாயில் தட்டோடு போட்டேன். கை பொத்துப் போனதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

“சாமிக்குக் காட்டுற சூடத்தைப் பிடுங்குறானே! புத்தி கெட்டுப் போச்சா இவனுக்கு?” பெரியவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஆட்கள்கூட வந்துவிட்டார்கள்.

நான் குத்துவிளக்கை அணைக்கச் சொன்னேன், எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னேன். காரை ஸ்டார்ட் செய்யாமல் கையாலேயே வெளியே வெட்டவெளிக்குத் தள்ளினோம். எல்லாக் கதவையும் திறந்து வைத்தோம்.

3. காகிதமும் கண்ணாடியும்

காற்றாட விட்ட பிறகு டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கினேன். மூக்கை நம்ப வழியில்லை என்பதால் செய்தித்தாளைக் கிழித்து, டேங்க்கைச் சுற்றி ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு துண்டு வைத்தேன். இரண்டு பேரிடம் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னேன். ஒரே ஒரு துண்டு நனைந்தது. தொட்டால் விரல் சில்லென்றது.

பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்க்குக்கும் நடுவே ஒரு குட்டி ரப்பர் குழாய். மேலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. அடியில் சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தால் பாளம் பாளமாக வெடிப்பு. டேங்க் நிறைந்தால்தான் பெட்ரோல் அதுவரை ஏறும். கால் டேங்க்கில் மூன்று தடவை என்ன, முப்பது தடவை தேடியிருந்தாலும் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

கலாவைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டேன். “கோவிட்டுக்கு அப்புறம் எனக்கு வாசனையே தெரியாதும்மா.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

“மூக்கு போனவங்க எத்தனையோ பேரை வார்டுல பார்த்துட்டேன் அண்ணே. அது உங்க தப்பில்ல. மூணு தடவையும் என் முன்னாடி மோந்து மோந்து காட்டினீங்களே, அதான் தப்பு. உங்களை நம்பி நான் என்னையே சந்தேகப்பட்டேன். அப்பாவை மறுபடியும் அதே சீட்ல உக்கார வெச்சேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வேலையில் எவ்வளவோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். அதுபோல எதுவும் சுட்டதில்லை.

டானிடமும் அன்றே சொன்னேன். “நீ ஸ்பேனரை மூக்காலயா பிடிக்கிற?” என்று மலாயில் கேட்டுவிட்டுப் பொரியை மென்றார். இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று இருந்தது.

இப்போது யார் வாடை என்று வந்தாலும் முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். எப்போது வருகிறது, எந்த சீட்டில், டேங்க்கில் எவ்வளவு இருக்கும்போது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அதே நிலையில் வைத்துத்தான் வண்டியைச் சோதிக்கிறேன். வாடிக்கையாளர் இருக்கிறது என்றால் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

புதுக் குழாய் போட்டு, டேங்க்கை நிரப்பி, இரண்டு நாள் வெயிலில் ஜன்னலை மூடி வைத்தேன். கலா தனியாக வந்தார். பின்சீட்டில், அப்பா உட்காரும் இடத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து இறங்கினார். “இல்லை போலத்தான் இருக்கு. அப்பாவை ஏத்தலாமா அண்ணே?”

ஏத்தலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“அதை நீங்கதான்மா சொல்லணும்” என்றேன்.

அவர் மறுபடியும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தத் தடவை இன்னும் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் இறங்கி வந்து, அப்பாவுக்குப் போன் போட்டார்.