மணிக்குப் போன வெண்கலம்

ஐயா, அம்மா, இதை வாசிக்கும் தங்களுக்கு என் வணக்கம். கோவிலில் கிடைத்த ஜெபப் புத்தகத்தைக் கொண்டு எழுத்துக்கூட்டப் பழகியவள் நான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்ததில்லை. ஆதலால் சொல்லில் பிழை இருப்பின் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுத முயன்றிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆவூருக்கு மேற்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பிய சிற்றூர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில் என் மூத்த மகள் தொட்டிலில் கிடந்தாள். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்த காலத்தில் நடந்ததைத்தான் இங்கு எழுதப் புகுந்தேன்.

அந்த வருஷம் கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் என் வீட்டுக்காரர் திருச்சிக்குத் தியானத்துக்குப் போய்வந்தார். போகும்போது பொருள்மேல் பிரியமுள்ள மனிதராகத்தான் போனார். அறுந்த கயிற்றையும் எறிய மாட்டார். தைத்த குடைகள் மாத்திரம் எங்கள் வீட்டில் மூன்று தொங்கின. திரும்பி வந்தவரோ முதலில் வெற்றிலையை விட்டார். பிறகு காப்பியை விட்டார். பிறகு தம் கட்டிலைத் தெருக்கோடியில் இருந்த கால் ஊனமுற்ற ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்தார். குடைகளும் ஒவ்வொன்றாகப் போயின. “சேசுநாதர் எந்தக் குடை வச்சிருந்தாரு?” என்று கேட்பார்.

உண்மையைச் சொல்வதானால், ஆரம்பத்தில் எனக்கும் அது பிடித்திருந்தது. கூட்டுவதற்கு வீடு இலகுவாயிற்று. மாலை ஜெபத்துக்கு முழந்தாள் படியிட்டால், சாமான்களின் மேல் இடிக்காமல் ஆறு பேரும் வரிசையாக இருக்க இடம் கிடைத்தது. ஆனால் காலையில் கண் விழித்ததும், ஜெபம் நாவில் வருமுன், என் கண் சுவரோரமாகச் சுற்றி வரும். இன்று எது காணவில்லை என்று தேடும். ஒரு வீட்டில் அப்படி விழித்து எழுவது சுகமான காரியம் அன்று.

மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரித் தோப்புள்ள குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம் முழுவதும் கோவிலில் கல்யாணம் கிடையாது; கர்த்தர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழியும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் பொங்கல் முடிந்த கையோடு ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் உண்டானால் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமியார் அறிவிப்பதைத்தான் ஓலை என்கிறோம். எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, பெண்ணுக்கு வைத்திருக்கும் சீர்ப் பாத்திரங்களைப் பார்த்துப் போவார்கள். அவர்கள் மனம் கோணினால் மூன்றாம் ஓலை நின்றுவிடும். இரண்டு ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை வேறு வீட்டார் யாரும் எளிதில் கேட்டு வரமாட்டார்கள்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் நான் குன்றாண்டார்கோவில் பக்கம் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குக் கல்யாணம் சொல்லப் போனேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது பரண் காலியாக இருந்தது. அடுப்படியில் என்னுடைய வெண்கலப் பானையும் இல்லை.

“எங்கங்க பானை?” என்றேன்.

“கோவில்ல.”

“கோவில்ல என்ன சமையலா?”

“மணிக்கு,” என்றார்.

எங்கள் கோவில் மணி முந்தின மழைக்காலத்தில் விரிசல் கண்டு தகரம் தட்டுவதுபோலக் கத்திக்கொண்டிருந்தது. புதிய மணி வார்ப்பதற்குக் கும்பகோணத்துக் கன்னார்களிடம் ஏற்பாடாகி, வெண்கலம் உள்ளவர்கள் இயன்றதைக் கொடுக்கலாம் என்று சுவாமியார் அறிவித்திருந்தார். மற்றவர்கள் ஒரு கரண்டி, ஓர் ஓட்டைக் கும்பா என்று கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். என் பாத்திரங்களோடு, மகளுக்கென்று நான் பல வருஷங்களாகச் சேர்த்துப் பரணில் வைத்திருந்த பானை, உருளி, கும்பா, சிலுவை வைத்த குத்துவிளக்கு எல்லாமும் போயின.

“வியாழக்கிழமை அவுக வாராக, தெரியுமில்ல?” என்றேன்.

“பாத்திரத்தப் பாத்துப் பொண்ணு எடுக்கிறவுக நமக்கு எதுக்கு?”

“இத ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால சொல்லியிருக்கணும்.”

அவர் கோபப்படவில்லை. தியானத்துக்குப் பிறகு அவர் கோபத்தையும் விட்டுவிட்டிருந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வீட்டிலிருக்கும் என் நாத்தனார், அவருடைய தங்கை, செய்தி கேட்டு வந்தாள். பரணை அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணன் மோட்சத்துக்கு ஏணி வச்சிட்டாரு அண்ணி. நீங்க கீழ நின்னு கெட்டியாப் புடிச்சுக்கிடுங்க,” என்றாள். பிறகு மனம் இளகி, “என் பாத்திரத்தக் கொண்டாந்து பரப்பி வைங்க. அவுக அங்கிட்டுப் போனதும் நான் எடுத்துக்கிடுறேன்,” என்றாள்.

“எல்லாத்துலயும் உன் பேரு வெட்டியிருக்கே?”

“குப்புறக் கவுத்து வைங்க.”

“வாரவுக நிமித்திப் பாக்க மாட்டாகளா?”

“பாத்தா, எம் பேருதான் பொண்ணுக்கும்னு சொல்லுங்க. அத்தை பேரு வைக்கக் கூடாதா?”

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபின் அழுகை வந்தது. பொய்யாகப் பரப்பிய பாத்திரத்துக்கு நடுவே மகளை உட்காரவைக்க என் மனம் ஒப்பவில்லை. கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் நா எழவில்லை. அன்றும் மறுநாளும் நான் ஓரிடத்தில் நிலையாக உட்காரவில்லை. மண்சட்டியில் உலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். வாசலிலிருந்து கொல்லைக்குப் போவேன். ஜெபமாலையை எடுத்தால் எந்த மணியில் விட்டேன் என்பது மறந்துபோகும்.

கடைசியில் கோவிலுக்குப் போனேன். பின்னறையில் வெண்கலக் குவியல் கிடந்தது. என் பானை அடியில் நசுங்காமல் இருந்தது. மகளின் குத்துவிளக்கு சாய்ந்து கிடந்தது. கோவில் காரியங்களைப் பார்த்துவந்த உபதேசியார் என்னைப் பார்த்தார், குவியலையும் பார்த்தார்.

“ஆத்தா, நான் பூச்செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன். திரும்பி வர நேரமாகும்,” என்றார்.

“எதுக்கு அதை எங்கிட்டச் சொல்றீங்க?”

“சும்மா, சொல்லி வச்சேன்.”

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நானும் குத்துவிளக்கின் மேல் கை வைத்துவிட்டேன். ஆனால் அதை எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் நடப்பதை நினைத்ததும் கை தானே விலகிற்று. நேரே சுவாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“பெண்ணுடைய சீர் பெண்ணுக்குச் சொந்தம். உம்முடைய புருஷன் தமக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்திருக்கிறார். மகளைக் கேளும். அவள் கொடுத்தால் அது காணிக்கை. கொடுக்காவிட்டால் வண்டி கட்டி எடுத்துப் போகச் சொல்லும்,” என்றார்.

மகளைக் கேட்க வேண்டும் என்பது அதுவரை எனக்கே தோன்றவில்லை. அவள் அமைதியான பெண். இத்தனை அமளியிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. நாங்களும் அவள் வாயைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, அவள் தகப்பனார் காதில் விழும்படியாகவே கேட்டேன்.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

“அப்பா கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.”

“அப்ப குடுத்துரலாமா?” என்றார் அவர், முகம் மலர்ந்து.

“இல்லப்பா. கேக்காம எடுத்தீங்க. அதுனால எனக்கு வேணும்.”

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டை அவிழ்க்கப் போனார். பட்டப்பகலில், கொண்டுபோன தெரு வழியாகவே, கொடுத்ததைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டிக்குப் பின்னால் ஊரே வேடிக்கை பார்த்தது. “என்ன மாமா, மணி வேகலையா?” என்று யாரோ கேட்டதற்கு, “இது எம் மகளோடது” என்று மாத்திரம் சொன்னாராம். வண்டியில் மகளின் பாத்திரம்தான் இருந்தது. என்னுடையது இல்லை. அதை நான் கவனித்தேன்; வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மாப்பிள்ளையின் தாயாரும் அவருடைய தங்கையும் வந்தார்கள். பாத்திரங்களை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, ஓசையைக் கேட்டார்கள். விளக்கின் சிலுவையை அந்த அம்மாள் முந்தானையால் துடைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, அவர் கை கழுவுவதற்காக அடுப்படிக்குள் நுழைந்தார். அடுப்பில் மண்சட்டி, பக்கத்தில் மண்சட்டி, கவிழ்த்து வைத்ததும் மண்சட்டி.

“மதினி, நான் இதைக் கேக்கக் கூடாது. கேக்காமப் போனா வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே போகணும். பொண்ணுக்கு இம்புட்டு வெண்கலம் வச்சிருக்கீங்க, ஒங்க அடுப்புல ஒண்ணு கூட இல்லையே. எங்கயும் எரவல் வாங்கி வச்சிருக்கீங்களா?”

நாத்தனார் ஏதோ சமாளிக்க வாயெடுத்தாள். அதற்குள் மகள் கதவோரத்திலிருந்து சொல்லிவிட்டாள்.

“எரவல் இல்லைங்க. அப்பா கோவில் மணிக்குக் குடுத்துட்டாங்க. என்னோடதையும் சேத்துத்தான் குடுத்தாங்க. நான் திருப்பி வாங்கிட்டேன்.”

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “கோவிலுக்குக் குடுத்ததையா?”

“நான் குடுக்கலைங்க.”

“சரிதான்,” என்றார். வைத்த காப்பியைப் பாதி குடித்தார். தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகும்போது வாரேன் என்று சொன்னாரா இல்லையா என்று அவர்கள் போனபின் நானும் நாத்தனாரும் வெகுநேரம் வாதாடினோம். சொன்னார் என்றாள் அவள். என் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வரை நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தமிழ் போதாது. மகளை வைவதா, மெச்சுவதா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரரோ, “சர்வேசுரன் சித்தம்” என்று சொல்லிவிட்டுக் கடலைக்கொல்லைக்குப் போய்விடுவார். அந்தச் சொல்லை நானும் நாள்தோறும் ஜெபத்தில் சொல்லுகிறவள்தான். ஆயினும் அந்த வாரம் அவர் வாயால் கேட்கும்போதெல்லாம், சித்தத்தைச் சமைத்தவர் நீங்கள்தானே என்று கேட்கத் தோன்றும். கேட்காமல் அடக்கிக்கொண்டு சட்டியைத் தேய்ப்பேன். மண்சட்டியை அழுத்தித் தேய்த்தால் உடையும் என்பதையும் அந்த வாரத்தில்தான் கற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் முடிந்தது. சுவாமியார் காகிதத்தைப் பிரித்தார். முதலில் திருநாள் அறிவிப்பு, பிறகு ஒரு மரித்தவருக்கான ஜெபம், பிறகு வேறொரு வீட்டு முதல் ஓலை. நான் முக்காட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் எங்கள் மகளின் பெயர் வாசிக்கப்பட்டது, மூன்றாம் ஓலை. பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த மகளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். இமைகள் மட்டும் துடித்தன. அவளும் என்னைப் போலவே அந்த நாட்களைக் கழித்திருக்கிறாள் என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது.

தபசு காலத்துக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. பந்தி நடக்கும்போது சம்பந்தி அம்மாள் என்னைத் தனியே அழைத்தார்.

“அன்னைக்கு நான் பேசாமப் போனது ஒங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கும் மதினி. எம் மகன் இருக்கானே, யாரு கேட்டாலும் போட்டிருக்கிற சட்டையையும் கழட்டிக் குடுத்துருவான். அவங்க அப்பாவும் அப்பிடித்தான். அந்த வீட்டுல இது யாருதுன்னு கேக்க ஒரு ஆளு வேணும்னு முப்பது வருசமா நெனச்சுக்கிட்டிருக்கேன். பஸ்ஸுல போகும்போது சிரிச்சுக்கிட்டே போனேன்.”

“அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“சொன்னா பொண்ணு வீட்டுக்குத் தலைகனம் ஏறிரும்ல?” என்று சொல்லி என் கையை அழுத்தினார்.

விபூதிப் புதன் கழிந்து சில நாட்களில், வெண்கலத்தைக் கும்பகோணத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அன்று காலை என் வீட்டுக்காரர் வயலுக்குப் போகாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“ஒன்னோடது அங்கதான் கெடக்கு. ஒன்னையும் நான் கேக்கல. இப்பக் கேக்குறேன். என்ன சொல்ற?”

எத்தனையோ நாளாக அந்தக் கேள்விக்காகவே நெஞ்சில் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டவுடன் ஒன்றும் வரவில்லை. மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“போகட்டும்,” என்றேன்.

“மனசோடதான் சொல்றியா?”

“போகட்டும்னுதானே சொன்னேன்.”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அது நான் கர்த்தருக்குக் கொடுத்த காணிக்கையா, அவருக்கு நான் குறைந்தவள் அல்லேன் என்று காட்டிக்கொண்ட வீம்பா, களைப்பா என்று அன்றும் தெரியவில்லை. பாஸ்கு காலத்துப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் கேட்டேன். கொடுத்த பிறகு கிளறாதேயும் என்றார். கிளறாமல் இருக்க என்னால் முடியவில்லை. என் வீட்டுக்காரர் அதன்பின் ஓர் உடைந்த அகப்பையை எறிவதானாலும் வீட்டில் எல்லாரையும் கேட்ட பிறகே எறிந்தார். நாங்கள் சிரித்தோம். அவர் போய்ச் சேர்ந்த பின்னும் பிள்ளைகள் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் கேட்கப்பட்டவள் மனத்தில் உள்ளதைச் சொல்லுகிறாளா என்பது வேறு காரியம். நான் சொன்னேனா என்பதே எனக்கு உறுதியில்லை.

ஐயா, அம்மா, இதை எழுதி முடித்துவிட்டேன். வாசித்தபின் எறிந்துவிடாமல் தங்கள் வீட்டில் ஓரிடத்தில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.