மச்சானின் மோட்டாரை நான் முறுக்கியது

என் மனைவியின் தம்பி இறந்த பிறகு, அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது. சாவியை என்னிடம் கொடுக்கும்போது அவள் சொன்னாள்: "அவன மாதிரி ஓட்டணும்னு இல்லங்க. ஆனா வண்டி நின்னுடக் கூடாது."

முதல் வாக்கியத்தை அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

எதையும் நன்றாகப் படித்துவிட்டுக் கெடுப்பதுதான் என் வழக்கம். இரண்டு மாதம் இணையத்தில் படித்ததில், சிடிஐ என்ற சின்னக் கறுப்புப் பெட்டி, இஞ்சின் ஒரு வேகத்தைத் தாண்டினால் தீப்பொறியை நிறுத்திவிடும் என்று தெரிந்தது. எனக்கென்னவோ அவமானமாக இருந்தது. அந்தத் தடை இல்லாத 'ரேசிங்' பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். தடையை ஏன் வைத்தார்கள் என்ற பக்கத்தை மட்டும் படிக்கவில்லை.

ஞாயிறு காலை கிள்ளானுக்கு மீன் வாங்கக் கிளம்பினேன். ஹைவேயின் மோட்டார் பாதையில், கூடை நிறைய கங்கோங் கீரையோடு ஒரு சீன ஆன்டி தன் மோட்டாரில் என்னை முந்திப் போனார். மூன்றாவது கியரில் முறுக்கினேன். சத்தம் ஏறிக்கொண்டே போய், திடீரென இழுவை செத்தது. டின்னில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு கடகடப்பு. ஆன்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மச்சான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கின் கடை, கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில். அங்கே ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன்.

"ரொம்ப முறுக்கினீங்களா, பாஸ்?"

"கொஞ்சம்."

"கொஞ்சத்துக்கு இப்படி ஆகாது லா. கேம் வால்வத் தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் மூடும். இது கம்பெனி ஸ்பிரிங். ஒன்பதாயிரம் சுத்துக்கு மேல அதால கேமோட சேந்து ஓட முடியாது. வால்வு மூடாம அந்தரத்துல நிக்கும். அப்ப பிஸ்டன் மேல வந்தா இடிதான். அதத் தடுக்கத்தான் கம்பெனிப் பெட்டி."

மனைவிக்குப் போன் செய்தேன். நான் கழற்றி வைத்திருந்த பழைய பெட்டியோடு ரயில் பிடித்து வந்தாள். என்னை விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் கேட்டாள்: "மறுபடி ஓடுமா தம்பி?"

"வால்வு வளைஞ்சிருந்தா செலவு பெருசு அக்கா. பாப்போம்."

இஞ்சினின் ஹெட்டைக் கழற்றி, வால்வுக்குப் பின்னால் பெட்ரோல் ஊற்றினார். வளைந்திருந்தால் ஒழுகும். மூன்று பேரும் உற்றுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

"தப்பிச்சிருச்சு அக்கா."

பிஸ்டன் தலையில் மட்டும் வால்வு இடித்த இடத்தில் நகக்கீறல்போல் பிறை வடிவில் ஒரு புதுத்தடம் பளபளத்தது. அவள் குனிந்து பார்த்தாள். "பக்கத்துல இன்னொண்ணு இருக்கே?"

கரி படிந்து மங்கிய பழைய பிறை. மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"உங்க தம்பியும் இதே மாதிரி பெட்டி மாட்டினாரு அக்கா. ரெண்டே நாள்தான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "ரெண்டும் ஒரே கழுத," என்றாள். அவள் குடும்பத்தில் எனக்கு இதைவிடப் பெரிய இடம் கிடைத்ததில்லை.

"ரெண்டு தடத்தையும் தேச்சு எடுத்திடவா அக்கா?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும். பழைய பெட்டிய மட்டும் மாட்டிடுங்க."

மாலையில் வண்டி சாதுவாக முனகியது. மீன் இல்லாமல் திரும்பினோம். பின்னால் அவள் என் தோளைப் பிடித்திருந்தாள். ஷா ஆலம் தாண்டும்போது தோளில் தட்டினாள். பயந்துபோய் வேகத்தைக் குறைத்தேன்.

"அதில்லங்க," என்றாள் காதருகே. "இன்னும் கொஞ்சம் முறுக்கலாம்."